தட்டை நிலத்திலிருந்து மலைப்பாதைக்கு: யாழ்ப்பாணத்து வீதி ஓட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

மலைநாட்டில் நடக்கும் மலைப்பாதை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பழகுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீதியில் 10 கிலோமீற்றரை நிற்காமல் ஓடக்கூடியவர், கிழமையில் மூன்று நாலு நாள் ஓடுபவர், போட்டிக்கு இன்னும் மூன்று நாலு மாதம் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நெஞ்சு நோவு, பிரஷர், பழைய முழங்கால் காயம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தட்டை. பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ எவ்வளவு தூரம் ஓடினாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் வராது. அதனால் எல்லாரும் முதலில் பயப்படுவது ஏற்றத்துக்கு. உண்மையில் ஏற்றம் உங்களை மெதுவாக்கும், அவ்வளவுதான். நடந்து ஏறலாம், நின்று மூச்சு வாங்கலாம். வீதியில் நன்றாக ஓடுகிறவரைக் கடைசி ஐந்து கிலோமீற்றரில் நொண்ட வைப்பது இறக்கம். இறக்கத்துக்குப் பழகாத தொடை எவ்வளவு நல்ல மூச்சு இருந்தாலும் கைவிட்டுவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் இறக்கத்துக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் போட்டியின் கணக்கைப் பாருங்கள்

போட்டி அறிவித்தலில் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மொத்த ஏற்றம் எத்தனை மீற்றர், எத்தனை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், இடையில் தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும், கட்டாயம் கொண்டுபோக வேண்டிய சாமான் எவை என்று நான்கையும் எழுதி வையுங்கள்.

மலைப்பாதை ஓட்டக்காரர் பாவிக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீற்றரைத் தூரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 25 கிலோமீற்றர், 1200 மீற்றர் ஏற்றம் என்றால் அது 37 கிலோமீற்றர் வேலை. அரை மரதன் ஓடுகிறேன், இன்னும் நாலு கிலோமீற்றர்தானே என்ற நினைப்பு இந்த இடத்திலேயே போய்விட வேண்டும்.

இன்னொரு கணக்கு நடப்பவர்களுக்கானது. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். மேலே சொன்ன போட்டியை முழுக்க நடந்தால் ஏழு மணித்தியாலம் வரும். போட்டிக்காரர் தரும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் நடந்தாலே முடிக்கலாம் என்று தெரிந்தால் மனம் ஆறும். அது முடியாத கணக்கு என்றால் இந்த வருடம் குறைந்த தூரப் பிரிவுக்கு மாறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிலோமீற்றரை விட்டு நேரத்தைப் பிடியுங்கள்

ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மலையில் உதவாது. செங்குத்தான இடத்தில் ஒரு கிலோமீற்றருக்கு 20 நிமிடம் போகலாம். அது சரியான வேகமாகவும் இருக்கலாம். மூச்சை வைத்து அளவிடப் பழகுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் கதைக்க முடிந்தால் அது நாள் முழுக்கத் தாங்கும் வேகம். மூன்று சொல்லோடு நிறுத்தி இழுக்க வேண்டியிருந்தால் அதிகம்.

கிழமையில் ஒரு நீண்ட ஓட்டம் போதும். அதை நேரத்தால் கூட்டுங்கள்: ஒன்றரை மணித்தியாலத்தில் தொடங்கி, கிழமைக்கு 15 நிமிடம் அளவில் ஏற்றி, மூன்றரை மணித்தியாலம் வரை. ஒவ்வொரு நாலாவது கிழமையும் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். இந்த நீண்ட ஓட்டத்துக்குள் வேண்டுமென்றே வேக நடையைச் சேர்க்க வேண்டும். 10 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் கையை வீசி விறுவிறு என்று நடை. நடப்பது தோல்வி என்று நினைக்கும் வீதி ஓட்டக்காரர் இதைத்தான் கடைசி வரை செய்ய மாட்டார். மலையில் முன்னுக்கு வருபவர்கள்கூடச் செங்குத்தில் நடக்கிறார்கள். ஓட்டத்திலிருந்து நடைக்கும் நடையிலிருந்து ஓட்டத்துக்கும் தயக்கமில்லாமல் மாறுவது பழக வேண்டிய ஒரு திறமை.

ஏற்றம் இல்லாத ஊரில் ஏற்றம்

ஜிம்மில் ட்ரெட்மில் இருந்தால் வேலை சுலபம். 10 சதவீதச் சரிவில் மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் 600 மீற்றர் ஏறியிருப்பீர்கள். கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்க வேண்டும். பிடித்தால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும். முதல் நாளே ஒரு மணித்தியாலம் வேண்டாம், 20 நிமிடத்தில் தொடங்குங்கள்.

ஜிம் இல்லாதவருக்கு மாடிப்படி. ஒரு மாடி ஏறக்குறைய 3 மீற்றர். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் அனுமதி கேட்டு 30 தரம் ஏறி இறங்கினால் 270 மீற்றர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் கிடைக்கும். இறக்கமும் சேர்ந்து கிடைப்பதால் எனக்கு ட்ரெட்மில்லைவிட மாடிப்படிதான் பிடிக்கும். அரைவாசித் தரம் ஓடாமல், கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு இரண்டு படியாக நடந்து ஏறுங்கள். போட்டியிலும் அப்படித்தான் ஏறுவீர்கள். பிறகு பையில் இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் போட்டுக்கொண்டு ஏறலாம். தாகம் எடுத்தால் அதையே குடிக்கலாம்.

வடமராட்சிக் கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகள் இருக்கின்றன. மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிற் சுவர்களைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அந்த மேடுகள் உயரமில்லை. ஆனால் கால் சறுக்கும் மணலில் ஏறுவது கெண்டைக்காலுக்கும் மூச்சுக்கும் கடும் வேலை. 20 நிமிடம் ஏறி இறங்கினாலே போதும். குதிக்கால் நரம்பில் நோவு இருப்பவர் மணலைத் தவிர்க்க வேண்டும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த பக்கத்தை மிதிக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான். வெறுங்காலோடு ஓட வேண்டாம், சிப்பியும் முள்ளும் தூண்டிலும் கிடக்கும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகக் காற்று வீசும்போது கல்லுண்டாய் வெளியிலோ பண்ணைப் பாலத்திலோ எதிர்க்காற்றில் ஓடிப் பாருங்கள். காற்று மலையாகாது, தொடைக்கு அந்த வேலை வராது. ஆனால் வேகம் விழ விழ மூச்சை ஒரே அளவில் வைத்திருக்கும் பொறுமையை அது நன்றாகப் பழக்கும்.

இறக்கம்

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு எட்டிலும் பிரேக் பிடிப்பதைப் போன்ற வேலை. தட்டை வீதியில் இந்த வேலை மிகக் குறைவு. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல் வந்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் நோகும். இது மூச்சுப் பயிற்சியால் தீராது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒருதரம் இறக்கத்தில் தசை நோகும் அளவுக்கு வேலை செய்துவிட்டால், அடுத்த தரம் அதே வேலைக்கு அவ்வளவு நோகாது. அந்தப் பாதுகாப்பு சில கிழமைகள் நிற்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிடாமல், முன்கூட்டியே தொடையை நோகப் பழக்க வேண்டும். போட்டிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

வீட்டு வாசற்படியிலேயே செய்யக்கூடியது இது. படியின் விளிம்பில் வலது காலில் நில்லுங்கள். இடது காலை முன்னே வெளியில் நீட்டுங்கள். மூன்று எண்ணும் வரை வலது முழங்காலை மெதுவாக மடித்து, இடது குதிக்கால் கீழே மெல்லத் தொடுமட்டும் இறங்குங்கள். தொட்டதும் அதில் பாரத்தைப் போடாமல், வலது காலின் பலத்தாலேயே எழும்புங்கள். முழங்கால் உள்ளுக்குச் சாயக் கூடாது. காலின் இரண்டாவது விரலுக்கு நேரே போக வேண்டும். கண்ணாடி இருந்தால் அதற்கு முன் செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்கு எட்டுத் தரம், மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கையில் ஒரு போத்தல் தண்ணீரோடு செய்யலாம். தசையில் வரும் நோவு பரவாயில்லை. முழங்கால் சில்லுக்குள்ளே குத்தினால் நிறுத்திவிட்டுப் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

இதோடு, மாடிப்படி நாளில் இறக்கத்தை ஓய்வாக எடுக்காதீர்கள். ஏறும்போது நடை, இறங்கும்போது ஒரு படியும் விடாமல் சத்தமில்லாத வேகமான அடி. சத்தம் கேட்டால் கால் குத்துகிறது என்று அர்த்தம். முதல் நாள் பத்துத் தரத்துக்கு மேல் வேண்டாம்.

மலையில் இறங்கும் முறையும் வேறு. வீதிக்காரர் பயத்தில் பின்னுக்குச் சாய்ந்து, காலை நீட்டி, குதிக்காலால் ஊன்றுவார். அப்படி ஊன்றினால் சறுக்கும், தொடையும் கெதியாகக் களைக்கும். எட்டைச் சிறிதாக்கி, வேகமாக வையுங்கள். கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்கட்டும். கைகளை விரித்துச் சமநிலைக்கு விடுங்கள். கண் காலடியில் இல்லாமல் மூன்று நாலு மீற்றர் முன்னே ஓட வேண்டும். கால் வைக்கும் இடத்தைக் கண் முன்பே தெரிந்து வைத்திருக்கும். ஈரக் கல், பாசி, வேர் மூன்றையும் கண்டால் வேகத்தைக் குறைத்துத் தட்டையாகப் பாதம் வையுங்கள். வேருக்கு மேல் மிதிக்காமல் தாண்டி வைப்பது நல்லது.

கணுக்கால்

தார் வீதி கணுக்காலுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காது. பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிக்காலை ஏற்றி, மெதுவாக இறக்கும் பயிற்சியையும் சேருங்கள்.

கிழமையில் ஒரு ஓட்டத்தைத் தாரிலிருந்து இறக்கி ஒழுங்கைகளிலும், தோட்டப் பாதைகளிலும், தீவகத்துக் கல் நிலத்திலும் ஓடுங்கள். வேகம் பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்டகாலம் நடந்திருக்கிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கண்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சந்தேகமென்றால் ஊர்க்காரரைக் கேளுங்கள்.

போட்டிக்கு முன் ஒருமுறையாவது மலைக்குப் போங்கள்

படியும் மணலும் உடம்பைத் தயாராக்கும். மலையின் நீளத்தைக் காட்டாது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஏறுவதும் பிறகு ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இறங்குவதும் எப்படி இருக்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் விளங்கும். முடிந்தால் இரண்டுமுறை போங்கள்: ஒன்று இரண்டு மாதத்துக்கு முன், மற்றது மூன்று கிழமைக்கு முன். இரண்டாவது பயணத்தில் நீளமாக இறங்குங்கள். அந்த நோவு ஆறுவதற்கு நேரம் இருக்கும், பாதுகாப்பும் போட்டி வரை நிற்கும்.

ஏ9 வீதியின் மறுமுனை கண்டி. ஒரே பஸ்ஸில் போய் இறங்கலாம். கண்டி நகருக்குப் பக்கத்திலேயே ஹந்தானை மலை இருக்கிறது. பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் நடைபாதை அங்கேதான் தொடங்கி, 22 பகுதிகளாகத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் போய் நுவரெலியாவில் முடிகிறது. அதில் ஒரு பகுதியை ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டால் புதியவருக்கு மிகப் பொருத்தம்.

இறக்கத்துக்கென்றே போக வேண்டுமென்றால் 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலை. நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து 5000க்கு மேற்பட்ட படிகள், ஏறக்குறைய 1000 மீற்றர் ஏற்றம். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. பௌர்ணமியையும் சனி ஞாயிறையும் தவிர்த்து, ஒரு வேலைநாளில், பக்தர்களுக்கு வழிவிட்டு நடந்து ஏறி நடந்து இறங்குங்கள். அது கும்பிடும் இடம், ஓட வேண்டாம். அந்தப் படிகளை நடந்து இறங்குவதே தொடைக்குப் போதும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் போகும்போது, அது ஆட்கள் வாழ்ந்து வேலை செய்யும் இடம் என்பது நினைவில் இருக்கட்டும். கொழுந்துக் கூடையோ சாக்கோ சுமந்து வருபவரைக் கண்டால் நின்று ஒதுங்குங்கள். அவர்களுக்குப் பாரம், உங்களுக்கு விளையாட்டு. "அக்கா, இந்தப் பாதை எங்க போகுது?" என்று தமிழிலேயே கேட்கலாம். படத்தில் இல்லாத குறுக்குப் பாதையையும், உடைந்துபோன பாலத்தையும் அவர்கள் சொல்வார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்கு முன்னால் ஓடாமல் நடந்து போவது மரியாதை. நாய்களும் அப்போது துரத்தாது.

2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலைநாட்டில் பெரிய மண்சரிவுகள் நடந்தன. பழைய வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மழைக்காலத்தில் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பாருங்கள். நீங்கள் போகும் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தனியாகப் போக வேண்டாம். ஆணோ பெண்ணோ இரண்டு மூன்று பேராகப் போய், எங்கே ஏறி எங்கே இறங்குகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம்.

சப்பாத்தும் சாமானும்

வீதிச் சப்பாத்து ஈர மண்ணில் சறுக்கும். அடியில் 4, 5 மில்லிமீற்றர் பல் உள்ள மலைப்பாதைச் சப்பாத்து ஒன்று எடுங்கள். விரலுக்கு முன் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னே தள்ளப்படும்போது இடமில்லாவிட்டால் நகம் கறுத்துக் கழரும். மேல் ஓட்டை வரை நாடாவைக் கோர்த்துக் குதிக்கால் அசையாமல் கட்டுங்கள், நகத்தைக் குட்டையாக வெட்டுங்கள். போட்டிக்குப் புதுச் சப்பாத்து போடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்து ஆள் அசட்டை செய்வது குளிரை. நுவரெலியாவில் விடியற்காலையில் 10 பாகைக்குக் கீழும் போகும். மழையில் நனைந்து, காற்றில் நின்று, களைத்துப்போனால் உடம்பு நடுங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு யோசிக்கவும் முடியாது. பருத்தி ரீசேட் நனைந்தால் காயாது, அது வேண்டாம். காற்றும் மழையும் தடுக்கும் மெல்லிய ஜக்கெட், விசில், தலை டோர்ச், இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம் உள்ள போன். இவை பையில் இருக்கட்டும். அட்டைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. நீண்ட சொக்ஸ் போட்டு மேலே சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ தடவுங்கள். கடித்தால் நகத்தால் தள்ளி எடுத்துவிட்டு ஓடலாம்.

சாப்பாடும் தண்ணீரும்

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். வெளிநாட்டு ஜெல் தேவையில்லை. வாழைப்பழம், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, பனங்கட்டி எல்லாம் நல்லவை. பனங்கட்டியைச் சிறு துண்டாக உடைத்துப் பொலித்தீனில் கட்டி, அரை மணிக்கு ஒரு துண்டு என்று வாயில் போட்டால் கரைந்துகொண்டே இருக்கும். எது உங்கள் வயிற்றுக்குச் சரிவரும் என்பதை நீண்ட ஓட்டங்களிலேயே பார்த்துவிடுங்கள்.

எங்கள் வெக்கைக்கு உப்பும் தண்ணீரோடு போகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகும். தாகத்துக்குக் குடியுங்கள், ஒரு போத்தலில் ஜீவனி என்ற உப்பும் சீனியும் சேர்ந்த தூளைக் கரைத்து வைத்திருங்கள். மலையில் குளிருக்குத் தாகம் தெரியாது, அங்கே கொஞ்சம் நினைவுபடுத்திக் குடிக்க வேண்டும்.

கடைசி இரண்டு கிழமையும் போட்டி நாளும்

கடைசி இரண்டு கிழமையில் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். படியிறக்கப் பயிற்சி கடைசிப் பத்து நாளில் வேண்டாம். போட்டிக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு போய் இறங்காமல், இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். 2000 மீற்றர் உயரத்தில் பெரும்பாலானோருக்கு நோய் வராது. ஆனால் அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இளைக்கும்.

தொடக்கத்தில் எல்லாரும் பாய்வார்கள். நீங்கள் பாயாதீர்கள். முதல் ஏற்றத்தில் கதைக்கும் மூச்சோடு நடங்கள். முதல் இறக்கத்தில் முடியும் என்று தெரிந்தாலும் ஒரு படி அடக்கியே இறங்குங்கள். அங்கே மிச்சம் பிடித்த தொடை கடைசி இறக்கத்தில் வேலை செய்யும். பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடுங்கள். யாராவது விழுந்து கிடந்தால் நின்று பாருங்கள், நேரம் போனாலும்.

முடித்ததும் நனைந்த உடுப்பை உடனே மாற்றிச் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். அன்றைக்கே பஸ் ஏறினால் கால் இறுகிவிடும். ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் புறப்பட்டு, தம்புள்ளையிலும் வவுனியாவிலும் பஸ் நிற்கும்போது இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். ஒரு கிழமைக்கு ஓட வேண்டாம், நடை போதும். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கத் தேவையில்லாத நாள் வந்த பிறகு, தட்டை வீதியில் அரை மணித்தியாலம் மெதுவாக ஓடித் தொடங்குங்கள்.